கனகம் நல்லவள் என்று அறிவிக்கக் கோரி

சாஆ, ஜொகூர்.
புதன்கிழமை.

ஞாயிறு இணைப்பின் பொறுப்பாசிரியர், மதிப்பிற்குரிய திருமதி சாந்தினி அவர்களுக்கு,

தங்கள் ஏட்டின் நெடுநாள் வாசகனும் அவ்வப்போது எழுத்தாளனுமாகிய அர்ச்சுனன், தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணி, பணிவோடு வணங்கி எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சுக்கூடத்தில் உள்ள அனைவரும் மாரியம்மன் அருளால் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். நானும் இங்கு நலம் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன். முந்தைய கடிதங்களில் எல்லாம் தங்களை 'ஐயா' என்று விளித்திருந்ததற்கு மன்னிக்கவும். ஆசிரியர் என்றால் ஐயாவாகத்தான் இருப்பார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். போன வாரம் தங்கள் படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். கடந்த ஞாயிறு என்னுடைய 'முள்ளோடு ஒரு வாழ்க்கை' சிறுகதையை என் புகைப்படத்தோடு வெளியிட்டிருந்தீர்கள். மிக்க நன்றி. அதன் விளைவாகத் திங்கட்கிழமை காலை என் மனைவி யோகேஸ்வரி வீட்டை விட்டுப் போய்விட்டாள். அவள் திரும்பி வருவது இப்போது தங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வாரம் எத்தனையோ கதைகள் படிக்கும் தங்களுக்கு என் கதை நினைவில் இல்லாமல் போகலாம். சுருக்கமாகச் சொல்கிறேன். கதையை 'நான்' என்று ஒருவர் சொல்லிக்கொண்டு போகிறார். ஓய்வு பெற்ற கிராணி, மென்மையான மனம், எழுத்தில் ஈடுபாடு. அவருக்கு வாய்த்த மனைவி கனகம். சிரிக்கத் தெரியாதவள். கணவனுக்குச் சீனி இல்லாத தேநீர் கொடுக்கிறாள். அவள் வைக்கும் ரசத்தில் ருசி கிடையாது. கணவன் பகலில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து அவனுடைய மோட்டார் சைக்கிளை விற்றுவிடுகிறாள். அவன் வருடக்கணக்கில் எழுதிச் சேர்த்த கதைகளைத் தெருவில் வீசுகிறாள். அவன் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறான். கடைசிப் பத்தியில் ஒரு மழை நாளில் கனகம் இறந்துபோகிறாள். 'நான்' அவளை மன்னிக்கிறேன். அந்த இடத்தில் எனக்கே கண் கலங்கியது.

இனி நடந்ததைக் கேளுங்கள். ஞாயிறு முழுக்க யோகேஸ்வரி ஒன்றும் பேசவில்லை. அவள் வழக்கமாகவே அதிகம் பேசுகிறவள் இல்லை என்றாலும் அன்றைய மௌனத்தில் ஒரு கனம் இருந்ததாக இப்போது தோன்றுகிறது. திங்கள் காலை நான் அடுத்த கதையில் மூழ்கியிருந்தேன். அவள் இரண்டு மூன்று முறை வாசற்படியில் வந்து நின்று ஏதோ சொன்னாள். எழுதும்போது யார் என்ன சொன்னாலும் 'ம்' என்று சொல்வது என் பழக்கம். அது ஒரு கலைஞனின் 'ம்'. அதற்குப் பொருள் கிடையாது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கதையை முடித்துவிட்டு எழுந்து பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை. பசியாற ரொட்டி எடுத்து வைத்து மூடியிருந்தது. கோபத்திலும் கடமை தவறாதவள். அலமாரியைத் திறந்தால் அவளுடைய சேலைகளில் நாலைந்து இல்லை. என்னுடைய பழைய வேட்டிகள், துவைத்துத் துவைத்து நைந்துபோன நூல் வேட்டிகள், அவையும் இல்லை. பிரிந்து போகிறவள் கணவனின் வேட்டியை நினைவுக்காக எடுத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்து அலமாரி முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தால் வேப்பமரத்தில் கைக்கு எட்டிய கிளை ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் ஒடித்துவிட்டாள். நான் நாற்காலி போட்டு எழுதுகிற நிழல் அது. என் மேல் இருந்த ஆத்திரத்தை மரத்தில் காட்டியிருக்கிறாள், பாவம். கடைசியாக ஞாயிறு இணைப்பைப் புரட்டினேன். என் கதை வந்த பக்கத்தை மட்டும் காணோம். கிழித்து எடுத்துப் போய்விட்டாள். இதற்கு மேல் சாட்சி வேண்டுமா, சொல்லுங்கள்.

எங்கே போயிருப்பாள் என்பது தெரிந்ததுதான். பெர்மாஸ் ஜெயாவில் என் மகள் ஷர்மினி வீடு. மருமகன் ஜீவனுக்குச் சிங்கப்பூரில் வேலை. கருக்கலிலேயே பாலம் கடந்து போய்விடுவார். ஷர்மினியை அழைத்தேன். எடுத்தவள் குரலே சரியில்லை. பின்னால் என் பேத்தி பிரவீனா சிணுங்கிச் சிணுங்கி அழுதுகொண்டிருந்தாள். தாத்தாவைப் பிரிந்த துக்கம் குழந்தைக்குக்கூட இருக்கிறது.

"அப்பா, இப்ப பேச நேரமில்லப்பா. அம்மா உங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத்தானே வந்தாங்க?" என்றாள்.

பக்கத்தைக் கிழித்துப் போனதே சொன்ன மாதிரிதானே. அதனால் மானத்தோடு "ஆமாம்மா" என்றேன். "நான் நாளைக்கு பஸ் ஏறி நேர்ல வரேன்" என்றும் சொன்னேன்.

"ஐயோ, வேணாம்பா! நீங்க இந்தப் பக்கம் வந்துடாதீங்க. உங்க உடம்புக்கு இது ஆகவே ஆகாது. கொஞ்ச நாள் போகட்டும்லா."

பெற்ற மகள் வாசலை அடைத்துவிட்டாள். அதற்குள் பின்னாலிருந்து யோகேஸ்வரியின் குரல். என்னிடம் நேரடியாகப் பேசவில்லை. "உங்கப்பாகிட்ட சொல்லு, கறி மீனு வீட்டுக்குள்ள வரக் கூடாது. கடுகு தாளிக்கிற வேலையும் வச்சிக்கக் கூடாது. அங்க சுத்தபத்தமா இருக்கச் சொல்லு" என்றாள்.

எனக்கு இது தண்டனை என்று உடனே புரிந்துவிட்டது. ரசத்தில் ருசி இல்லை என்று எழுதினேன் அல்லவா? தாளிக்காமல் தின்று பார் என்கிறாள். பெண்களின் பழிவாங்கல் எவ்வளவு நுட்பமானது என்று வியந்தபடி அதற்கும் பணிந்தேன். அன்று முதல் கஞ்சியும் உப்பும்தான் ஆகாரம். இடையில் பிஸ்கட்.

அடுத்தது செல்லத்தின் கடை. செல்லம் எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெண்மணி. ஞாயிறு இணைப்பை வரி விடாமல் படிப்பவர். பிஸ்கட் வாங்கப் போன என்னைப் பார்த்ததும் கல்லாப்பெட்டியை மூடிவிட்டு எழுந்து நின்றார்.

"ஏண்ணே, யோகேஸ் அக்காவ இப்படியா எழுதுறது?"

"அது உங்க அக்கா இல்ல செல்லம். கனகம். கற்பனை."

"கனகமும் மோட்டர வித்தா, அக்காவும் வித்தாங்க. எதுக்கு வித்தாங்கன்னு எழுதுனீங்களா? கோயில் பக்கத்துக் கால்வாயில மோட்டரோட விழுந்தீங்க. தூக்கி விட்டோம். மறுபடியும் அதே கால்வாயில போய் விழுந்தீங்க."

"அதெல்லாம் எழுதினா கதையோட ஓட்டம் கெட்டுடும்."

"சீனி இல்லாத டீ?"

"எனக்கு இனிப்புநீர் வியாதி இருக்கே."

"அத எழுதலியே!"

"இடம் போதலம்மா. ஆசிரியர் கொடுக்கிறதே ஒரு பக்கம்."

இதைச் சொன்னபோது தங்கள் மேல் பழி போட்டதற்கு மன்னிக்கவும். செல்லம் அதோடு விடவில்லை. குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, வெள்ளம் வந்தப்ப நான் பாத்தேன். தண்ணி இடுப்பு வரைக்கும் ஏறிடுச்சி. அக்கா தன்னோட தையல் மெஷின அப்படியே விட்டுட்டு, உங்க பேப்பர் மூட்டையத் தூக்கித் தலையில வச்சிக்கிட்டு வந்தாங்க. தண்ணி வத்துனதும் ஒவ்வொரு தாளா ரோட்டுல காய வச்சாங்க. காத்துல பறக்கக் கூடாதுன்னு தாளுக்கு ஒரு கல்லு வச்சாங்க. அதுவா வீசுறது?"

அன்று நான் காய்ச்சலோடு வெள்ள நிவாரண மையத்தில் படுத்திருந்தேன். மறுநாள் வந்து பார்த்தபோது என் கதைகள் தெரு முழுக்கக் கிடந்தன. பார்த்ததைத்தான் எழுதினேன். கல்லையும் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் கதைக்குக் கல் தேவைப்படவில்லை. கடையில் நின்றபடி அதை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பிஸ்கட்டை மறந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று மாலை என் நண்பர் வசந்தன் பக்கத்து ஊரான லாபிஸிலிருந்து வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எங்கள் வாசகர் வட்டத்தில் எல்லாருடைய கதையையும் பிரித்து மேய்கிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, என் கதையில் வருகிறவனுக்கு இலக்கியத்தில் ஒரு பெயர் உண்டு, 'நம்பத்தகாத கதைசொல்லி' என்றார். முதலில் எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்தில் இருந்த காலமெல்லாம் கூலியில் ஒரு காசு கூடக் குறையக் கொடுக்காத மனிதனைப் பார்த்து நம்பத்தகாதவன் என்பதா? பிறகு அவர் விளக்க விளக்க எனக்குப் புது உயிர் வந்தது. கதையைச் சொல்கிறவன் தன் பக்கத்தை மட்டும் சொல்வான், அவனை நம்பக் கூடாது, அவன் கெட்டவள் என்று சொல்கிற பெண் உண்மையில் நல்லவளாகவே இருக்கலாம் என்றார். ஆகா! அப்படியானால் கனகம் நல்லவள். நான் அதைத்தான் எழுதியிருக்கிறேன். ஊருக்குத்தான் விளங்கவில்லை.

"வசந்தா, அது நான் வேணும்னே செஞ்ச உத்திப்பா" என்றேன்.

வசந்தன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டேய், தெரிஞ்சு செஞ்சா அது உத்தி. தெரியாம செஞ்சா அதுக்குப் பேரு கொணம்" என்றார். "இவன் பொய் சொல்றான்னு வாசகனுக்கு ஒரு ஓட்டையாவது விடணும். நீ கடுகு போற ஓட்டகூட விடல. அந்தப் பொம்பள வாயத் தொறந்து பேசியிருந்தா ஓட்ட விழுந்திருக்கும். ஒரு வார்த்த பேச விட்டியா அவள?"

"பேசறாளே. 'சோறு எடுத்து வைக்கவா'ன்னு கேக்குறா."

"அது பேச்சாடா?"

அவர் போன பிறகு என் பழைய கதைகளை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். அம்மா, தங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. என் கதைகளில் வருகிற மனைவிமார் ஒன்று அழுகிறார்கள், அல்லது கணவனை அழ வைக்கிறார்கள். இரண்டு வகையாரும் கடைசிப் பத்தியில் பெயர் தெரியாத ஒரு வியாதியில் இறந்துபோகிறார்கள். ஒருத்திகூடப் பிழைக்கவில்லை. கணவன்மார் எல்லாரும் நல்ல திடகாத்திரமாக இருக்கிறார்கள். இத்தனை பெண்களை வாரிக் கொடுத்த நான் போலீஸ் நிலையத்துக்குப் போகாமல் வாசகர் வட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, பேச விடவில்லை என்பதுதானே குறை, பேச விட்டுவிடலாம் என்று அன்றே உட்கார்ந்து 'கனகம் பேசுகிறாள்' என்று இன்னொரு கதை எழுதினேன். இதில் 'நான்' என்பது கனகம். எழுத எழுத அருவி மாதிரி கொட்டியது. என் கணவர் தங்கமானவர், அவர் அருமை எனக்குத் தெரியாமல் போய்விட்டது, அவருடைய எழுத்தைப் புரிந்துகொள்ளும் படிப்பு எனக்கு இல்லை, அவர் கேட்ட ஒரு கரண்டி சீனியைப் போட்டிருந்தால் என்ன என்று கனகம் உருகுகிறாள். இன்று காலை வசந்தனைத் தொலைபேசியில் அழைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அர்ச்சுனா, இதுலயும் நீதான்டா பேசுற. சேலை கட்டிக்கிட்டுப் பேசுற" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கோபம் வந்தது. பிறகு அந்தத் தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, யோகேஸ்வரி உண்மையில் என்ன சொல்லுவாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு வரியாவது அவள் வாயால் எழுதிவிட வேண்டும் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தத் தையல் மெஷின் அவள் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது. அதில்தான் அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்து ஷர்மினியைப் படிக்க வைத்தாள். அது தண்ணீரில் போனதைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. அல்லது சொல்லியிருப்பாள், நான் 'ம்' போட்டிருப்பேன். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தவள் என்ன சொல்லுவாள் என்று எழுதத் தெரியாமல் நான் என்ன எழுத்தாளன்? அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. அவள் வர வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. தாளிப்பு இல்லாமலேகூட இருந்துவிடுகிறேன்.

ஆகவே தங்களை மன்றாடிக் கேட்பது இதுதான். வரும் ஞாயிறு இணைப்பில், முடிந்தால் முதல் பக்கத்தில், கீழ்க்காணும் அறிவிப்பை வெளியிட வேண்டும்:

'முள்ளோடு ஒரு வாழ்க்கை கதையில் வரும் கனகம் மிகவும் நல்லவள். அவளைப் பற்றிப் பேசுகிற கதைசொல்லி நம்பத்தகாதவன். அவன் சொன்னதை வாசகர்கள், குறிப்பாகப் பெர்மாஸ் ஜெயா வட்டார வாசகர்கள், நம்ப வேண்டாம். கதைசொல்லிக்கும் சாஆவைச் சேர்ந்த எழுத்தாளர் அர்ச்சுனனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.'

கடைசி வரி சட்டப் பாதுகாப்புக்காக. யோகேஸ்வரி ஞாயிறு பத்திரிகை வந்ததும் முதலில் இராசிபலன்தான் பார்ப்பாள். அதன் அருகில் போட்டால் கண்ணில் படும். அவளுடைய ராசி கன்னி. அந்த வாரம் கன்னிக்கு மட்டும் 'பிரிந்தவர் கூடுவர்' என்று போட முடியுமானால் காலமெல்லாம் கடமைப்பட்டிருப்பேன்.

தங்கள் பேனாவுக்கும் கத்தரிக்கும் ஆயுசு நூறாகட்டும். தங்கள் வீட்டுக்காரர் கதை எழுதாதவராக இருக்கட்டும். அம்மன் துணை.

இங்ஙனம்,
தனித்துவிடப்பட்ட தங்கள் எழுத்தாளன்,
அர்ச்சுனன்

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் தொலைபேசி அடித்தது. யோகேஸ்வரி.

"ஏங்க, மாத்திர போட்டீங்களா?" என்றாள்.

"யோகேஸ், நான் எழுதினது தப்புதான். மன்னிச்சிடு. வீட்டுக்கு வந்துடு" என்றேன்.

"என்ன எழுதுனீங்க?" என்றாள்.

அம்மா, அவள் கோபித்துக்கொண்டு போகவே இல்லை. பேத்திக்கு அம்மை போட்டிருக்கிறது. அதற்குத்தான் வேப்பிலை. உடம்பில் உறுத்தாமல் படுக்க வைப்பதற்குத்தான் நைந்த வேட்டி. "திங்கக்கெழம வாசப்படியில நின்னு மூணு தடவ சொன்னேன். மூணு தடவயும் ம்னு சொன்னீங்களே!" என்கிறாள். கறி மீன் கூடாது, தாளிக்கக் கூடாது என்றதும் அதற்குத்தான். அங்கே வந்தால் இனிப்புநீர்க்காரனுக்கும் அம்மை ஒட்டிக்கொள்ளும் என்றுதான் ஷர்மினி பதறியிருக்கிறாள். இந்த ஊர் மாரியம்மன் கோயில் செயற்குழுவில் காலமெல்லாம் செயலாளராக இருந்தவன் நான். வேப்பிலையையும் தாளிப்பையும் சேர்த்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு என் கதைதான் தெரிந்தது.

கிழித்த பக்கத்தைப் பற்றிக் கேட்டேன். "மஞ்சத்தூள் மடிக்க ஒரு தாளு தேடுனேன், கையில கெடச்சிச்சு" என்றாள். படிக்கவே இல்லையாம். உண்மையைச் சொன்னால், அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வருத்தத்தில் கதை முழுவதையும் நானே உளறிவிட்டேன். ஒன்றும் தெரியாமல் நிம்மதியாக இருந்தவளிடம் மோட்டார், சீனி, தெரு எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். "இருங்க, படிச்சிட்டு வரேன்" என்று கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். பிரவீனா அரிக்குது பாட்டி என்று அழுவதும், சொறியக் கூடாதுடா கண்ணு என்று இவள் சமாதானம் சொல்வதும் கேட்டுக்கொண்டே இருந்தது. காதில் வைத்தபடியே நின்றேன். வெகு நேரம் கழித்து வந்தாள்.

"கடைசிப் பத்தியில மஞ்சள் ஒட்டிக்கிட்டு எழுத்தே தெரியல. கடைசியில அந்தக் கனகம் என்ன ஆனா?"

"வீட்டுக்கு வந்துடுறா" என்றேன்.

"வந்து?"

நான் மேசையில் பேனாவைத் தேடினேன். "பிள்ளைக்கு அம்மை எறங்கி மூணாவது தண்ணி ஊத்திட்டு வீட்டுக்கு வரேன். அதுக்குள்ள யோசிச்சி வைங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆகவே அம்மா, மேலே கேட்ட அறிவிப்பு வேண்டாம். ராசிபலனும் வேண்டாம். அதற்குப் பதில் சிறு திருத்தம் ஒன்று மட்டும் போடுங்கள். கதையின் கடைசிப் பத்தி அச்சுப் பிழை. கனகம் சாகவில்லை. மழை விட்டதும் வீட்டுக்கு வந்து, அந்த ஆள் எதிரில் உட்கார்ந்து பேசுகிறாள். அவள் பேசுகிற இடத்தை மட்டும் வெற்றிடமாக விட்டு வையுங்கள். நான் யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு வரவில்லை. அவள் வந்ததும் கேட்டு, அவள் சொன்னபடியே அனுப்புகிறேன்.